கீழடி: 'எத்தனை வருஷம் பழசு?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கீழடி பற்றியோ சிவகளை பற்றியோ ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த ஐந்தாவது நிமிஷம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு எண் சுற்ற ஆரம்பித்துவிடும். 2019இல் 2,600 ஆண்டுகள். 2021இல் 3,200 ஆண்டுகள். 2025 ஜனவரியில் இரும்பின் வயது 5,300 ஆண்டுகள். எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட ஒரு கூட்டம், "சும்மா கதை விடாதீங்க" என்று கிண்டலடிக்க இன்னொரு கூட்டம். "சரி, இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தக் கேள்விக்கான பதில் தெரிந்தால், பெருமைப்படுவதும் சந்தேகப்படுவதும் கொஞ்சம் அர்த்தத்தோடு நடக்கும். எண்ணைவிட முக்கியமான வேறொன்று ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடப்பதும் கண்ணில் படும்.

குழிக்குள் நடப்பது என்ன?

அகழாய்வு குழி தோண்டுவதில் தொடங்குவதில்லை. நடப்பதில் தொடங்குகிறது. இந்தியத் தொல்லியல் துறை 2014இல் கீழடியில் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பு, அதன் குழு வைகைக் கரையோரமாக ஊர் ஊராக ஆய்வு செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடலோர அழகன்குளம் வரை பழைய வாழ்விடங்களின் தடயம் உள்ள 293 இடங்களை அடையாளம் கண்டது. வயல் வரப்பில் கிடக்கும் பானை ஓடு, சற்றே மேடாக இருக்கும் திடல், மண்ணின் நிற மாற்றம் இவையெல்லாம்தான் துப்பு. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், தென்னந்தோப்புக்குள் இருந்த பள்ளிச்சந்தைத் திடல் அப்படித் தேர்வானது. மேட்டின் மொத்தப் பரப்பு சுமார் 110 ஏக்கர்.

இடம் தேர்வானதும் நூல் கட்டிச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். வழக்கமாகப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதையும் நான்கு காலாகப் பிரித்து, நடுவில் மண்சுவரை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். இடம் மிச்சம் பிடிப்பதற்காக விட்ட சுவர் இல்லை அது. மண்ணடுக்குகள் எந்த வரிசையில் படிந்தன என்பதற்கு அந்தச் சுவரின் பக்கவாட்டுதான் சாட்சி. வண்டல் ஒரு நிறம், சாம்பல் ஒரு நிறம், மிதிபட்டு இறுகிய தரை இன்னொரு நிறம். ஒவ்வொரு அடுக்கையும் கோடு போட்டு, எண் கொடுத்து, படம் எடுத்து, வரைந்து வைப்பார்கள்.

மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. கேட்பதற்கு ஈஸி. ஆனா நிலம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 2,000 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ குப்பை கொட்டக் குழி வெட்டியிருப்பார். அவர் காலத்துச் சாமான் அவருடைய பாட்டன் காலத்து அடுக்குக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எலி வளை, தென்னை வேர், கிணறு வெட்டியபோது மேலே வந்து விழுந்த மண் எல்லாமே வரிசையைக் குலைக்கும். குழிக்குள் இறங்கும் தொல்லியலாளரின் முக்கால்வாசி வேலை பொருளைத் தேடுவதல்ல. இந்தக் குழப்பங்களைக் கண்டுபிடிப்பதுதான். சிறு கரண்டியும் பிரஷும் வைத்து இன்ச் இன்ச்சாகச் சுரண்டுவது அதனால்தான். எடுத்த மண்ணையும் அப்படியே கொட்டிவிடுவதில்லை, சல்லடையில் சலிப்பார்கள். பாசிமணியும் மீன் முள்ளும் அங்கேதான் மாட்டும். கீழடியில் இந்த வேலையைச் செய்தவர்களில் கணிசமானோர் உள்ளூர்ப் பெண்கள். தலைப்புச் செய்திகளில் அவர்கள் வருவதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தம் போட்ட பிரியாணி அண்டாவை ஒருமுறை கிளறிவிட்டால், எந்த அடுக்கில் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அகழாய்வும் அப்படித்தான். ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். தோண்டி முடித்த பிறகு அங்கே மண்ணடுக்கு இல்லை. அதைப் பற்றிய குறிப்பேடு, வரைபடம், புகைப்படம் மட்டும்தான் மிச்சம். மருந்து ஆராய்ச்சியில் ஒருவர் செய்த பரிசோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

ஒரு சூது பவளப் பாசிமணி நகைக்கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். அதே மணி மூன்றாவது அடுக்கில், ஒரு அடுப்புக்குப் பக்கத்தில், இன்ன வகை பானை ஓடுகளோடு கிடைத்தது என்று பதிவானால்தான் அது வரலாறு. பதிவு இல்லாவிட்டால் அழகான கல், அவ்வளவுதான்.

ஆதிச்சநல்லூரில் இது நடந்தே இருக்கிறது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதன்பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தாழிகளையும் வெண்கலப் பொருட்களையும் இரும்புக் கருவிகளையும் ஏராளமாக எடுத்தார். 1915இல் அவற்றுக்குப் பட்டியலும் வெளியிட்டார். பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் இன்றைய தரத்தில் அடுக்குவாரிப் பதிவு இல்லாததால், அந்தக் குவியலிலிருந்து கேட்கக்கூடிய கேள்விகள் குறைவு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் மாடும் மனிதரும் காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ கார்பனை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதில் மிக மிகச் சிறிய பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகை. உயிர் போனதும் வரத்து நின்றுவிடும். உள்ளே இருப்பது சிதைந்துகொண்டே போகும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், இறந்து எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிபி 1949இல் இதை நிரூபித்துக் காட்டினார். 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் கரி போதும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கார்பன் முறை சொல்வது கரியின் வயதை. பானையின் வயதையோ செங்கல் சுவரின் வயதையோ அது நேரடியாகச் சொல்வதில்லை. "இந்தக் கரியும் இந்தப் பானையும் ஒரே அடுக்கில், ஒரே நேரத்தில் சேர்ந்தவை" என்று சொல்வது குழிக்குள் நின்று பதிவு செய்தவரின் பொறுப்பு. அந்தப் பதிவு தப்பாக இருந்தால், உலகின் மிகச் சிறந்த லேப் துல்லியமாகத் தப்பான பதிலைக் கொடுக்கும்.

எதன் கரி என்பதும் முக்கியம். நூறு வயது மரத்தின் நடுத்தண்டு எரிந்த கரி, அது எரிந்த நாளைவிட நூறு ஆண்டு பழைய எண்ணைத் தரும். நெல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஒரே பருவத்துப் பயிர். சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று வந்த முடிவை நிபுணர்கள் மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து, யாரும் ரீல்ஸில் சொல்லாத விஷயம். காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் லேப் தரும் எண்ணை, மர வளையங்களை வைத்துத் தயாரித்த ஒரு திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டாக மாற்றுவார்கள். அந்தக் கோட்டில் கி.மு. 800 முதல் கி.மு. 400 வரையான பகுதி கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிறது. அதாவது அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது எரிந்த கரியாக இருந்தாலும் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்.

ஒரு உதாரணம். லேப், "2450, கூட்டல் கழித்தல் 30" என்று அளந்து கொடுக்கிறது என்று வையுங்கள். இந்தக் கணக்கில் 'இன்று' என்பது 1950. கழித்துப் பார்த்தால் கி.மு. 500. ஆனால் திருத்திய பிறகு விடை கி.மு. 750க்கும் கி.மு. 410க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

கீழடியின் புகழ்பெற்ற எண் விழுவது சரியாக இந்த இடத்தில்தான். தமிழகத் தொல்லியல் துறை 2018இல் எடுத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குக் கி.மு. 580 என்று முடிவு வந்தது. 200 சென்டிமீட்டரில் கிடைத்ததற்குக் கி.மு. 205. ஆழம் கூடக் கூட வயதும் கூடுகிறது. இது நல்ல அறிகுறி. ஆனால் '580' என்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதி மாதிரி இல்லை. ஒரு நீண்ட வரம்புக்குள் உள்ள ஒரு புள்ளி. அந்த வரம்பையும் சேர்த்துப் போட்டால் தலைப்பு கவர்ச்சியாக இருக்காது என்பது நிஜம்தான். அதற்காக விட்டுவிடுவது நியாயமில்லை.

இதனால் கீழடியின் பழமை குறைந்துவிடாது. ஒரு மாதிரியை மட்டும் நம்பாமல் பல மாதிரிகள், பல முறைகள் தேவை என்பதுதான் இதன் பொருள். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெளிச்சத்தையோ சூட்டையோ கண்டது என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. கார்பனோடு சம்பந்தமே இல்லாதது. 2025 ஜனவரியில் வெளியான இரும்புக்கால அறிக்கையில் லக்னோ, அகமதாபாத், மியாமி என்று தனித்தனி ஆய்வகங்களைப் பயன்படுத்தியது பாராட்ட வேண்டிய வேலை. அந்த அறிக்கையில் சிவகளையின் மிகப் பழைய எண் கி.மு. 3345. இங்கேயும் கேட்க வேண்டியது "கரிக்கு அவ்வளவு வயதா?" என்பதல்ல. "அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒன்றாகத்தான் தாழிக்குள் போயினவா?" என்பது. அதற்குப் பதில் லேபில் இல்லை, குழியின் பதிவேட்டில் இருக்கிறது.

அரிக்கமேட்டில் நடந்தது

பதிவு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் பக்கத்தில் ஒயின் ஏற்றி அனுப்பும் ஜாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்து, அரியாங்குப்பம் ஆற்றோரம் உள்ள அரிக்கமேட்டுக்குப் போனார். அப்போது அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1945இல் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பானைத் துண்டுகள் கிடைத்தன. அவை எப்போது தயாராயின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆகவே அதே அடுக்கில் கிடந்த உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான கால அளவுகோல்களில் ஒன்று அது. கார்பன் முறை அப்போது பிறக்கவே இல்லை.

வீலரின் முடிவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரோம வணிகம் வந்த பிறகுதான் அந்த ஊரே உருவானது, அதற்கு முன் சாதாரண மீனவக் குடியிருப்பு மட்டுமே இருந்தது என்ற தொனியில் எழுதினார். வெளிநாட்டுக்காரன் வந்துதான் உள்ளூர்க்காரன் கண் திறந்தது என்ற பார்வை அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிக்குப் புதுசில்லை.

ஆனால் அவர் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார். தோண்டிய மறு ஆண்டே, 1946இல், முழு அறிக்கையையும் அச்சில் கொண்டுவந்தார். அடுக்குகளின் வரைபடம், எந்த ஓடு எந்த அடுக்கில் என்ற விவரம், எல்லாம். விமலா பெக்லி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அறிக்கையை எடுத்துவைத்து, வீலர் கொடுத்த விவரங்களை வைத்தே வீலரின் முடிவைத் திருத்தினார். ரோமச் சாமான்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, உள்ளூர்ப் பானைத் தொழில் இருந்தது என்று 1983இல் கட்டுரை எழுதினார். 1989 முதல் 1992 வரை அங்கேயே மறுபடி தோண்டி மேலும் விவரம் சேர்த்தார்.

தப்பான முடிவோடு வந்த அறிக்கை, சரியான முடிவுக்கு வழி விட்டது. வெளிவராத அறிக்கை சரியாக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

அந்த 982 பக்கங்கள்

இப்போது கீழடிக்கு வருவோம். இந்தியத் தொல்லியல் துறைக்காக அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் முதல் இரண்டு கட்டங்கள் 2014 முதல் 2016 வரை நடந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. 2017இல் அவர் குவாஹாத்திக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைத் துறையிடம் கொடுத்தார். 28 மாதம் கழித்து, 2025 மே மாதம், திருத்தித் தரச் சொல்லி அறிக்கை திரும்பி வந்தது. முதல் கட்டத்துக்குக் கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு என்று குறித்திருந்த காலத்துக்கு வலுவான ஆதாரம் வேண்டும் என்பது முக்கிய ஆட்சேபம். அடுக்கு, பொருட்கள், கார்பன் முடிவுகள் மூன்றையும் வைத்துத்தான் எழுதினேன், மாற்ற மாட்டேன் என்றார் அவர். அடுத்த மாதமே வேறு பதவிக்கு மாற்றப்பட்டார்.

ஆட்சேபம் கேட்டதே தப்பு என்று சொல்ல முடியாது. எந்த ஆய்வும் கேள்விகளைத் தாண்டித்தான் வர வேண்டும். மேலே சொன்ன கார்பன் வளைகோட்டுச் சிக்கலைப் பார்த்தாலே, அந்தக் காலவரம்பு பற்றி நேர்மையான கேள்விகள் இருக்க முடியும் என்பது புரியும். ஆனால் அந்தக் கேள்விக்கான இடம் ஒரு அலுவலகக் கோப்பு இல்லை. அறிக்கையை அப்படியே வெளியிட்டு, துறையின் ஆட்சேபத்தையும் பின்னிணைப்பாகப் போட்டிருக்கலாம். புனேயிலோ கேம்பிரிட்ஜிலோ உள்ள ஒரு நிபுணர் இரண்டையும் படித்துவிட்டு யார் சொல்வது சரி என்று பார்த்திருப்பார். யாரும் படிக்க முடியாத அறிக்கையைப் பற்றி நாடே சண்டை போடுவது வேடிக்கை.

மத்திய அரசை மட்டும் கைகாட்டி முடித்துவிடவும் முடியாது. மாநிலத் துறை 2018இல் தோண்டி 2019 செப்டம்பரிலேயே ஒரு அறிக்கை கொடுத்தது. அந்த வேகம் நாட்டில் அபூர்வம். அதே நேரம், சிவகளை நெல்லின் வயதும் மயிலாடும்பாறை இரும்பின் வயதும் முதலில் உரக்கக் கேட்டது சட்டமன்றத்தில், முதல்வரின் வாயிலிருந்து. சட்டமன்றத்தில் ஒரு எண் அறிவிக்கப்பட்டுவிட்டால், அதைக் கேள்வி கேட்பவர் ஆய்வாளராகத் தெரிய மாட்டார், எதிர்க்கட்சிக்காரராகத்தான் தெரிவார். ஒரு பக்கம் அறிக்கையைப் பூட்டி வைக்கிறது, இன்னொரு பக்கம் எண்ணை மேடையேற்றுகிறது. இரண்டிலும் அடிபடுவது விவாதம்.

ஆதிச்சநல்லூரில் 2004-05இல் மத்தியத் துறை நடத்திய அகழாய்வின் அறிக்கைக்காகவும் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. நீதிமன்றம் வரை விஷயம் போனது. கீழடி ஒரு விதிவிலக்கு இல்லை.

'சாமி சிலையே இல்லை' என்று சொல்லலாமா?

கீழடி பற்றி அதிகம் ஷேர் ஆகும் வரிகளில் ஒன்று, "அங்கே மத அடையாளமே கிடைக்கவில்லை, ஆகவே மதமற்ற சமூகம்." முதல் பாதி குழியிலிருந்து வந்தது. இரண்டாவது பாதி ஆசையிலிருந்து வந்தது. 110 ஏக்கரில் தோண்டியது சிறு பகுதி. மரத்தில் செய்த உருவமோ ஒரு மரத்தடி வழிபாடோ இருந்திருந்தால் மண்ணில் சுவடு மிஞ்சுவதே அபூர்வம். கிடைக்கவில்லை என்பதிலிருந்து இல்லவே இல்லை என்பதற்குத் தாவுவது தொல்லியலில் செல்லாது. இதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும்: ஏதோ ஒரு சுடுமண் பொம்மை கிடைத்ததும் அதற்கு இன்றைய ஒரு தெய்வத்தின் பெயரைச் சூட்டுவதும் அதே தாவல்தான்.

கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முகங்கள் 2025இல் வைரலாயின. முகத்தின் எலும்பு அமைப்புக்கு அடிப்படை உண்டு. தோல் நிறம், தலைமுடி, பார்வையில் உள்ள அந்த உணர்ச்சி எல்லாம் நியாயமான ஊகம். 'இதுதான் நம்ம தாத்தா' என்று ஸ்டேட்டஸ் வைப்பதில் குற்றமில்லை. அதை ஆதாரமாகக் காட்டாதவரை.

நிஜமான ஆதாரம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கீழடியின் எலும்புத் துண்டுகளில் 70 மாதிரிகளைப் புனேயின் டெக்கான் கல்லூரியில் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பசு, காளை, எருமை, ஆடு. உழவும் கால்நடையும் சேர்ந்த வாழ்க்கை என்று சொல்ல அது ஒரு தாங்கு. தக்களிகள் கிடைத்ததால் நூல் நூற்றார்கள் என்று தெரிகிறது. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்ட ஓடுகள் கிடைத்ததால், வீட்டுப் பானையில் பெயர் எழுதும் அளவுக்கு எழுத்து புழங்கியது என்று சொல்ல முடிகிறது. எந்த அரசனின் பட்டயத்தைவிடவும் அந்தப் பானையில் பெயர் கீறியவர் சுவாரஸ்யமானவர்.

உங்கள் ஊரில் கிடைத்தால்?

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏரி தூர் வாரும்போதோ பெரிய தாழியின் விளிம்போ உறைகிணற்றின் வளையமோ தென்பட்டால், வெளியே எடுக்காமல் இருப்பதுதான் முதல் உதவி. இருக்கும் இடத்திலேயே போனில் படம் எடுங்கள். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு பேனாவையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வையுங்கள். லொகேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு வி.ஏ.ஓ. மூலமாகவோ நேரடியாகவோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 1878இல் வைத்த அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் மாற்றவில்லை.